காந்தள்: ஒரு வீட்டுத் தோட்டக் கிழங்கின் வரலாறு

இது கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமை காபியோடு உட்கார்ந்து நிதானமாகப் படியுங்கள்.

இங்கிலாந்தில் வசிக்கும் என் பழைய மாணவி ஒருத்தி தன் தோட்டத்துப் படங்களை அனுப்பியிருந்தாள். குரோக்கஸ், அனிமோன், சைக்லமன் என்று விரல் உயரத்துக்குச் சின்னச் சின்னப் பூக்கள். "டீச்சர், அக்டோபர்ல கிழங்கைப் புதைச்சேன். குளிர் முழுக்க மண்ணுக்குள்ள தூங்கிட்டு, இப்ப வசந்தம் வந்ததும் தானா முளைச்சுப் பூத்திருக்கு. நம்ம ஊர்ல இந்த மாதிரி செடி இல்லையா?" என்று கேட்டிருந்தாள்.

இருக்கிறது. அதுவும் நம் மாநில மலரே அதுதான். செங்காந்தள். பொது அறிவுப் பாடத்தில் நீங்கள் மனப்பாடம் செய்த வரிசை நினைவிருக்கும்: மரம் பனை, விலங்கு வரையாடு, பறவை மரகதப்புறா, மலர் செங்காந்தள். தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவர்களில் எத்தனை பேர் அந்தப் பூவை நேரில் பார்த்திருப்பீர்கள்?

குளிர் நாட்டுச் செடிக்குப் பகை பனி. அதனால் பனிக்காலத்தில் மண்ணுக்குள் ஒளிந்துகொள்கிறது. நம் செடிக்குப் பகை கோடை. அதனால் காந்தள் தை, மாசி வாக்கில் தண்டும் இலையும் காய்ந்து, கிழங்காக மண்ணுக்குள் போய்விடும். ஆனி, ஆடி மழை இறங்கியதும் பென்சில் முனை போல முளை எட்டிப் பார்க்கும். ஐப்பசி, கார்த்திகையில் பூக்கும். கார்த்திகைப்பூ என்று பெயர் வந்ததே அதனால்தான். நமக்கு வசந்தம் என்பது மழைதான்.

செடியைத் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். கொடி வகை. பட்டாணிக்கொடியில் பற்றுக்கம்பி பார்த்திருப்பீர்கள். காந்தளுக்குத் தனியாகப் பற்றுக்கம்பி கிடையாது. இலையின் நுனியே சுருண்டு பக்கத்துக் குச்சியைப் பிடித்துக்கொள்ளும். பூவுக்கு ஆறு இதழ்கள். பச்சையாகத் தொடங்கி, மஞ்சளாகி, ஆரஞ்சாகி, கடைசியில் முழுச் சிவப்பாகும். ஒரே கொடியில் இந்த எல்லா நிறத்தையும் ஒரே நாளில் பார்க்கலாம். இதழ்கள் நெளிநெளியாக மேல்நோக்கி வளைந்து, காற்றில் ஆடும் தீக்கொழுந்து போல இருக்கும். பெண்களின் விரலுக்குச் சங்கப் புலவர்கள் இதை உவமை சொன்னார்கள்.

இனி வரலாற்றுக்கு வருகிறேன்.

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களை அடுக்கிச் சொல்கிறார் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த வரிசையின் முதல் பூ செங்காந்தள். குறுந்தொகையின் முதல் பாட்டிலும் முருகனுடைய மலை முழுக்கக் குருதி நிறக் காந்தள்தான். இவற்றை எல்லோரும் மேடையில் சொல்வார்கள். நான் சொல்ல வந்தது அதிகம் பேசப்படாத இன்னொரு பாட்டு. குறுந்தொகை 361. அதுவும் கபிலர் பாடியதே.

ஒரு பெண்ணுக்குத் திருமணம் நிச்சயமாகிவிட்டது. "இவ்வளவு நாள் அவனைப் பிரிந்து எப்படியடி பொறுத்துக்கொண்டாய்?" என்பது போலத் தோழி பேச, அவள் பதில் சொல்கிறாள். அவனுடைய மலையில் மாலையில் மழை பெய்தது. மறுநாள் காலை ஆற்று வெள்ளத்தில் ஒரு காந்தள் வேரும் கிழங்குமாக அடித்து வந்தது. அவன் ஊர் மலையிலிருந்து வந்த செடியல்லவா? இலை வாடுகிற அளவுக்கு அதை அணைத்துக்கொண்டாள். வீட்டுக்குக் கொண்டுபோய் நட்டாள். அம்மா பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. அதற்குக் கைம்மாறாக மேலுலகத்தையே கொடுத்தாலும் போதாது என்கிறாள் மகள்.

காதல் பாட்டாகவே இதை எல்லோரும் படிப்பார்கள். ஆனால் வீட்டுத் தோட்டம் போடுகிறவள் என்ற முறையில் நான் அதில் வேறொன்றையும் பார்க்கிறேன். காட்டுச் செடி ஒன்றைக் கிழங்கோடு கொண்டுவந்து, உணவுக்கும் இல்லாமல் மருந்துக்கும் இல்லாமல், ஆசைக்காக வீட்டில் நட்ட செய்தி இது. கிட்டத்தட்ட இரண்டாயிரம் ஆண்டுப் பழைய தோட்டக் குறிப்பு. பூவை மட்டும் கிள்ளி வந்திருந்தால் அன்றே வாடியிருக்கும். கிழங்கோடு நட்டதால் அடுத்த ஆண்டும் மழைக்கு முளைக்கும். அவளுக்கு அது தெரிந்திருக்கிறது.

அடுத்து அந்நியர்கள் வந்து பெயர் வைத்த கதை.

கொச்சியில் டச்சுக்காரர்களின் ஆட்சித் தலைவராக இருந்த வான் ரீட், மலபார்ச் செடிகளைப் பற்றி 'ஹோர்ட்டஸ் மலபாரிகஸ்' என்ற நூலைத் தொகுத்தார். ஆம்ஸ்டர்டாமில் 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக வெளிவந்தது. அவருக்குச் செடிகளைச் சொல்லிக்கொடுத்தவர்களில் முக்கியமானவர் இட்டி அச்சுதன் என்ற நாட்டு வைத்தியர். காந்தளும் அந்த நூலில் இருக்கிறது. மலையாளத்தில் அதற்குப் பெயர் மேந்தோன்னி. நம் இலக்கியத்தில் செங்காந்தளுக்குத் தோன்றி என்று ஒரு பெயர் உண்டு. தோன்றி, தோன்னி: இரண்டும் ஒன்றுக்கொன்று சொந்தம் என்பது உங்கள் காதிலேயே விழும்.

அந்தப் பெயரை ஒட்டி 'மெத்தோனிகா' என்று ஐரோப்பியப் புத்தகங்களில் எழுதினார்கள். ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ் அதை மாற்றி, 'குளோரியோசா' என்று லத்தீனில் வைத்தார். 1753ல் அவர் வெளியிட்ட நூலில் 'குளோரியோசா சூப்பர்பா' என்ற முழுப்பெயர் நிலைத்துவிட்டது. மகிமை மிக்கது, அற்புதமானது என்று பொருள். பாராட்டுப் பெயர்தான். ஆனால் அதற்குள் ஒளிந்திருந்த நம் தோன்றி காணாமல் போயிற்று.

இந்தியாவில் மட்டும் வளரும் செடி அல்ல இது. இலங்கையிலும் உண்டு, ஆப்பிரிக்காவிலும் உண்டு. ஜிம்பாப்வேக்குத் தேசிய மலரே இதுதான். 1947ல், அப்போது இளவரசியாக இருந்த எலிசபெத்துக்கு அந்த நாட்டுப் பள்ளிக் குழந்தைகள் சேர்ந்து, காந்தள் பூ வடிவில் வைர ஊசி ஒன்றைப் பரிசளித்தார்கள்.

சரி, அங்கெல்லாம் கொண்டாடப்பட்ட பூ நம் வீடுகளிலிருந்து ஏன் போயிற்று? காரணம் அதன் கிழங்கு. அது கடுமையான விஷம். செடியின் எல்லாப் பாகமும் விஷம்தான் என்றாலும் கிழங்கும் விதையும் மிக மோசம்.

ஊர்ப் பெயர்களைப் பாருங்கள். கலப்பைக் கிழங்கு என்பார்கள், இரண்டாகக் கிளைத்து ஏர்க்கலப்பை போல இருப்பதால். வடமொழியில் லாங்கலி என்பதற்கும் அதே பொருள். கொங்குப் பக்கத்தில் கண்வலிக் கிழங்கு. பூவை உற்றுப் பார்த்தால் கண் வலிக்கும் என்ற நம்பிக்கை. அது உண்மையில்லை. ஆனால் குழந்தைகளை அந்தச் செடியிடமிருந்து விலக்கி வைக்க ஏதோ ஒரு பாட்டி செய்த ஏற்பாடாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றும். காந்தள் என்ற சொல் புத்தகத்தில் தங்கிவிட்டது. வேலியில் நின்ற செடிக்கு வலியும் விஷமும் பெயராயின. இலக்கியத்தில் படித்த காந்தளும் வேலியோரத்தில் பார்த்த கண்வலிப்பூவும் ஒன்றுதான் என்று தெரியாமலே பலர் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டார்கள்.

கிழங்கைச் சர்க்கரைவள்ளி என்று நினைத்துச் சமைத்துச் சாப்பிட்டு உயிரிழந்தவர்கள் இங்கும் உண்டு, இலங்கையிலும் உண்டு. இதை மறைத்துப் பூவின் அழகை மட்டும் சொல்வது சரியில்லை.

அந்த விஷம் என்ன என்று கண்டுபிடித்த கதையில் இரண்டு ஆண்டுகள் வருகின்றன. 1915, 1937. வரலாறு என்றால் வெறும் ஆண்டு எண்கள் என்று அலுத்துக்கொண்ட பிள்ளைகள் இதைக் கவனிக்கவும்.

ஐரோப்பாவில் காந்தளுக்கு ஒரு தாயாதி உண்டு. பெயர் கோல்ச்சிகம். பார்க்கக் குரோக்கஸ் போலவே தரையோடு தரையாகப் பூக்கும் சின்னக் கிழங்குச் செடி. தாவரவியலில் இரண்டும் ஒரே குடும்பம். அந்தக் கிழங்கைக் கௌட் என்கிற மூட்டு வீக்கத்துக்குப் பழங்காலத்திலிருந்தே கொடுத்து வந்தார்கள். 1820ல் பெல்லெட்டியே, காவண்டூ என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் அதிலிருந்து மருந்துப் பொருளைப் பிரித்தார்கள். மலேரியாவுக்கான குயினைனைப் பிரித்தவர்களும் இவர்களே, அதுவும் அதே ஆண்டில். கோல்ச்சிகத்திலிருந்து கிடைத்ததற்குக் கோல்ச்சிசின் என்று பெயர் வந்தது.

1915ல் க்ளூவர், கிரீன், டட்டின் என்ற மூன்று ஆங்கிலேய வேதியியலாளர்கள் காந்தள் கிழங்கை ஆராய்ந்து, அதிலும் கோல்ச்சிசின்தான் இருக்கிறது என்று வெளியிட்டார்கள். அதே 1915ல்தான், அதுவரை ஓலைச்சுவடியாகவே இருந்த குறுந்தொகையைச் சௌரிப்பெருமாள் அரங்கனார் முதன்முதலாக அச்சில் கொண்டுவந்தார். ஆக, காந்தளுக்குள் என்ன விஷம் என்பதும், அதை வீட்டில் நட்ட பெண்ணின் கதையும் ஒரே ஆண்டில் அச்சேறின. இரு தரப்புக்கும் மற்றவரைத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

அடுத்து 1937. அமெரிக்காவில் பிளேக்ஸ்லீ, ஏவரி என்ற இருவர் நம் ஊமத்தை இனச் செடிகளில் கோல்ச்சிசினைப் போட்டுப் பார்த்தார்கள். ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்கள் முதலில் இரட்டிப்பாகும், பிறகு ஆளுக்குப் பாதியாக இரு பக்கமும் இழுக்கப்படும். இழுக்கும் நூல்களைக் கோல்ச்சிசின் முடக்கிவிடுகிறது. இரட்டிப்பான குரோமோசோம்கள் பிரிய முடியாமல் ஒரே செல்லில் தங்கிவிடுகின்றன. இதைக் கையில் எடுத்த ஜப்பானின் கிஹாரா விதையில்லாத் தர்ப்பூசணியை உருவாக்கினார். கோடையில் நீங்கள் விதை துப்பாமல் தின்னும் தர்ப்பூசணிக்குப் பின்னால் இந்த விஷம் இருக்கிறது.

விஷமாக இருப்பதற்கும் அதுவே காரணம். நம் குடலிலும் எலும்பு மஜ்ஜையிலும் செல்கள் ஓயாமல் பிரிந்துகொண்டே இருக்கின்றன. அந்த வேலை நின்றால் உயிர் தாங்காது. மருத்துவர் தரும் மாத்திரையில் இருப்பது ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு. 2023ல் அமெரிக்காவில் மாரடைப்பு அபாயத்தைக் குறைக்கும் மருந்தாகவும் அரை மில்லிகிராம் கோல்ச்சிசினுக்கு அனுமதி கிடைத்தது. மருந்துக்கும் விஷத்துக்கும் நடுவே உள்ள தூரம் அவ்வளவு குறுகியது. ஆகவே நாட்டு மருந்து என்று சொல்லி யாரும் இந்தக் கிழங்கை உரசிப் பார்க்க வேண்டாம். சித்த மருத்துவத்தில் இதைப் பக்குவமாகச் சுத்தி செய்த பிறகே பயன்படுத்துவார்கள். அது முறையாகக் கற்றவர்களின் வேலை.

அதே 1937ல் உ.வே.சாமிநாதையர் குறுந்தொகையை விரிவான உரையோடு பதிப்பித்தார். அதே ஆண்டில் சென்னை கிறித்துவக் கல்லூரி ஜார்ஜ் டவுனிலிருந்து நம் தாம்பரத்துக்குக் குடிவந்தது. இதற்கும் கிழங்குச் செடிக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். அந்தக் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் எட்வர்டு பார்ன்ஸ் செடிகளின் மேல் பெரும் பித்துக் கொண்டவர். நாகம் படமெடுப்பது போலப் பூமடல் விரிக்கும் அரிசிமா என்ற மலைக் கிழங்குச் செடிகள் உண்டு. தென்னிந்திய அரிசிமா வகைகளைப் பற்றி பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் 1934ல் கட்டுரை எழுதியவர் அவர். அந்த இனத்தில் ஒன்றுக்கு அவர் பெயரே சூட்டப்பட்டிருக்கிறது. சேலையூர்ப் பக்கத்துப் புதர்க்காட்டில் கல்லூரி எழுந்தபோது, மரங்களை நட்டு வளர்ப்பதில் அவரும் அவர் மனைவியும் முன்னின்றார்கள். அந்த வளாகத்தில் இன்றும் பழைய புதர்க்காடு மிச்சமிருக்கிறது. சுற்றியுள்ள ஊர்கள் எல்லாம் கட்டடமாகிவிட்ட பிறகு, இந்த மண் ஒருகாலத்தில் எப்படி இருந்தது என்று பார்க்க நமக்கு இருக்கும் சில இடங்களில் அது ஒன்று.

இப்போது நம் பல்லாவரம். 1980களில் நான் பணியில் சேர்ந்த புதிதில், பம்மல் போகும் வழியிலும் கீழ்க்கட்டளைப் பக்கமும் மனைகளுக்குக் கிளுவை வேலிதான். கார்த்திகை மாதம் அந்த வேலிகளில் காந்தள் ஏறி நிற்கும். இலை நுனி சுருளுவதைக் காட்ட வகுப்புக்கு ஒரு கொடியைக் கொண்டுவந்ததும், தொட்ட பிள்ளைகளை எல்லாம் வரிசையில் நிறுத்திக் கை கழுவ வைத்ததும் உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். பிறகு கிளுவை போய் முள்கம்பி வந்தது. அது போய்ச் சுற்றுச்சுவர் வந்தது. ஏறுவதற்கு எதுவும் இல்லை.

அதோடு இன்னொன்றும் நடக்கிறது. மனையைச் சமப்படுத்தும் வேலை பெரும்பாலும் கோடையில் நடக்கும். அப்போது காந்தள் மண்ணுக்குள் தூங்கிக்கொண்டிருக்கும். மேலே ஒரு இலைகூட இருக்காது. "காலி மனைதானே" என்று மண்ணை வாரி லாரியில் ஏற்றிவிடுவார்கள். எங்கள் தெருக்கோடி மனையிலும் அப்படித்தான் ஆயிற்று. யாரும் வேண்டுமென்று அழித்ததில்லை. அங்கே ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியவில்லை. 1863 மே 30ஆம் தேதி ராபர்ட் புரூஸ் ஃபூட் நம் பல்லாவரத்துச் சரளைக்கல் குழியில் ஒரு கல்லைக் கையில் எடுத்துப் பார்த்தாரே, அது பழைய கற்கால மனிதனின் கைக்கோடரி. மற்றவர் கண்ணுக்கு அது வெறும் சரளை. அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு நாமாவது எந்த மண்ணையும் காலி என்று சொல்லும் முன் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

காடுகளில் நிலைமை வேறு. மூலனூர், ஒட்டன்சத்திரம், வேதாரண்யம் பக்கங்களில் கண்வலிக் கிழங்கு ஒரு பணப்பயிர். விதையில் கோல்ச்சிசின் நிறைய இருப்பதால் மருந்து நிறுவனங்களுக்குப் போகிறது. கம்பி கட்டியோ கிளுவை, விராலிக் குச்சிகளின் மேலோ கொடியை ஏற்றுவார்கள். இந்தப் பூவில் சூல்தண்டு மகரந்தத்தை விட்டு விலகிப் பக்கவாட்டில் மடங்கி இருக்கும். அதனால் காலையில் பூப்பூவாகக் கையால் மகரந்தம் தொட்டு வைக்கிறார்கள். பொறுமையான உழைப்பு. ஆனால் நடவுக்குக் கிழங்கு வேண்டுமே? பல ஆண்டுகளாக அதைக் காட்டிலிருந்தே தோண்டி வந்தார்கள். விதையிலிருந்து வளர்த்தால் பூக்க மூன்று, நான்கு ஆண்டு ஆகும் என்பதால் யாருக்கும் காத்திருக்க மனமில்லை. மாநில மலர் என்று நாம் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த காலத்திலேயே காட்டுக் காந்தள் இப்படிக் குறைந்துபோனது.

ஆகவே என் வேண்டுகோள். இடம் உள்ளவர்கள் ஒரு காந்தளை வீட்டுக்குத் திரும்ப அழைத்து வாருங்கள். கவனத்தோடு.

காட்டிலோ வேலியிலோ தோண்டாதீர்கள். பயிரிடும் விவசாயியிடமோ நாற்றுப் பண்ணையிலோ வாங்குங்கள். கிழங்கின் ஒவ்வொரு கிளைக்கும் நுனியில்தான் முளைக்கண் இருக்கும். அது ஒடிந்தால் அந்தக் கிளை முளைக்காது. ஓர் அடி அகலத் தொட்டியில் செம்மண், மணல், மக்கிய எரு கலந்து, கிழங்கைப் படுக்கவைத்து இரண்டு மூன்று அங்குலம் மூடுங்கள். ஆடியில் நடலாம். தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும். ஏற ஒரு குச்சி வேண்டும். பூத்துக் காய்ந்த பிறகு தண்ணீரை நிறுத்திவிடுங்கள். செத்துவிட்டது என்று தொட்டியைக் கொட்டிவிடாதீர்கள். பழைய கிழங்கு சுருங்கி, அதன் இடத்தில் புதுக் கிழங்கு உள்ளே தயாராக இருக்கும்.

கையுறை போட்டுக்கொள்ளுங்கள், வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கிழங்கை ஒரு நிமிடம்கூடச் சமையலறையில் வைக்கக் கூடாது. தொட்டியில் 'காந்தள், விஷம்' என்று பெரிதாக எழுதி வையுங்கள். தவழும் குழந்தையோ எதையும் கடிக்கும் நாய்க்குட்டியோ இருக்கும் வீட்டில் இப்போதைக்கு வேண்டாம். பிள்ளை வளர்ந்து, எழுதியதைப் படிக்கத் தெரிந்த பிறகு வையுங்கள். யாராவது தவறிச் சாப்பிட்டுவிட்டால் வாந்தி வரும்வரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். செடியின் பெயரையும் அங்கே சொல்ல வேண்டும்.

குறுந்தொகையில் வரும் அந்த அம்மாவைப் பற்றி நான் அடிக்கடி யோசிப்பேன். மலையடிவாரத்துக் குடும்பம். காந்தள் கிழங்கு எப்படிப்பட்டது என்று அவளுக்குத் தெரியாமல் இருந்திருக்குமா? தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். தெரிந்தும் மகளைத் தடுக்கவில்லை. செடியையும் நம்பினாள், மகளையும் நம்பினாள். பயந்து ஒதுக்குவதைவிட, தெரிந்துகொண்டு பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது என்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் அறிவியல் பாடம் நடத்திய எனக்கும் தோன்றுகிறது.

இங்கிலாந்து மாணவிக்கு ஒரு வார்த்தை. உன் தோட்டத்தில் இலையுதிர் காலத்தில் இலையே இல்லாமல் ஊதா நிறத்தில் ஏதாவது பூத்தால் அது கோல்ச்சிகமாக இருக்கலாம். நம் காந்தளின் சொந்தக்காரி. பார்த்து ரசி, குழந்தைகளிடம் சொல்லி வை.

மற்றவர்கள், உங்கள் ஊரில் இந்தச் செடியை என்ன பெயர் சொல்லி அழைப்பார்கள் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எனக்கு எழுதுங்கள். பெயர்களை ஒரு நோட்டில் சேர்த்து வருகிறேன். இதுவரை ஒன்பது சேர்ந்திருக்கிறது.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
பல்லாவரம்.